கையெழுத்துக்குத் தனிக்காசு

எங்கள் பக்கத்து டாக்டரம்மாவின் கிளினிக்கில், மருந்து எழுதும் மேசைக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். ‘வைத்தியத்துக்குச் சம்பந்தமில்லாத காகிதங்களில் கையெழுத்துக்குத் தனிக் கட்டணம்’ என்று எழுதி, கீழே தொகை போட்டிருப்பார். ஜுரத்துக்கு ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்து அவர் வாங்குவதைப்போல அது இரண்டு பங்கு.

அந்த அட்டையைத் திட்டாத ஆள் என் வண்டியில் ஏறியதில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். பின்னால் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும் என்பதால் மனசில் இருப்பதை அப்படியே பேசுவார்கள்.

“உடம்புக்குக் கம்மி, பேப்பருக்கு ஜாஸ்தின்னா, நம்மளவிட பேப்பர்தான் ஒஸ்தின்னு அர்த்தம்” என்றார் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் ஒரு அம்மா.

“கையெழுத்துக்கே இவ்ளோ கேட்டா, அந்தம்மா தலையெழுத்துக்கு இன்னா கேக்கும்?” என்றார் மூலையில் இருந்த ஒருவர். வண்டியே குலுங்கியது.

யாராவது இப்படி ஒரு பேச்சுப் பேசிவிட்டால், அடுத்த நிறுத்தம் வரும்வரை அதை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே போவேன். வெற்றிலை போடாத எனக்கு அதுதான் வெற்றிலை. நானும் அந்த அட்டையைத் திட்டிய கட்சிதான். ஒரு தென்காசிப் பெண்ணுக்காக அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றபிறகுதான் எனக்கு வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

எங்கள் ரோட்டில் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. நீ யார், எங்கே இருக்கிறாய், ஒழுங்கான ஆளா என்று பேங்க் கேட்கும், ஹாஸ்டல் கேட்கும், கம்பெனி கேட்கும். பதில் சொல்லத்தான் ஆள் கிடையாது. பாதிப் பேர் வெளியூர். வீட்டுக்காரர்கள் வாடகையை வாங்குவார்களே தவிர, வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதித் தரமாட்டார்கள். ஆகவே மதிப்பான ஆள் என்று இவர்களுக்குத் தெரிந்தது ஊசி போடுகிற டாக்டர் ஒருவர்தான். ஜுரம் எல்லோருக்கும் வரும் அல்லவா? அதனால் எல்லாக் காகிதமும் கடைசியில் அந்த மேசைக்குத்தான் வந்து சேரும்.

அந்தத் தென்காசிப் பெண் வடக்குப்பட்டில் ஏறுவாள். செல்போனுக்கு உதிரிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஏழு வயசில் ஒரு மகள், ஊரில் பெரியம்மா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் வண்டியில் உட்கார்ந்தபடியே மகளோடு போனில் பேசுவாள். என்ன சாப்பிட்டே, தலை பின்னினாவளா, பல்லு ஆடுதா என்று கேட்டுக்கொண்டே வருவாள். இறங்கும் இடம் வந்ததும் “வெச்சிரவா?” என்பாள். அந்தப் பக்கம் என்ன பதில் வருமோ, அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பாள். வண்டியைக் கிளப்பினால் கண்ணாடியில் தெரியும்.

அவள் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட். எட்டுக்கு எட்டு. அவள் குடியிருந்தது மாடியில் ஒற்றை ரூம். தனி ஆளுக்கு அந்த வாடகை கட்டாது. என்ன செய்தாள் தெரியுமா? அவள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் அதே கம்பெனியில் வேறு லைனில் இருந்தார்கள். இவளுக்குப் பகல் என்றால் அவர்களுக்கு நைட், அவர்களுக்குப் பகல் என்றால் இவளுக்கு நைட். அவள் வேலைக்குப் போனபிறகு அவர்கள் வந்து தூங்குவார்கள். அவர்கள் போனபிறகு அவள் வந்து தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை ரூம் அவளுக்கு. பையன்கள் பென்னலூரில் ஒரு சிநேகிதன் ரூமுக்குப் போய்விடுவார்கள். வாடகையில் பாதி அவர்களுடையது.

இது நடப்பதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டுமே. அது நான்தான். கம்பெனி வாசலில் மெட்டல் டிடெக்டர் உண்டு. சாவி கொண்டுபோனால் கத்தும். அவள் இறங்கும்போது சாவியை என் வண்டியில் மாதா படத்துக்குக் கீழே இருக்கிற கொக்கியில் மாட்டிவிட்டுப் போவாள். எட்டு மணிக்கு மேலே பையன்கள் வெளியே வந்து, என் வண்டியில் ஏறி, சாவியை எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் இதே கதை திரும்பி நடக்கும். எங்கள் ரோட்டில் இதெல்லாம் சாதாரணம். பாய் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள் படுப்பான் என்று சொல்லுவார்கள். ஆனால் கீழே இருக்கிற வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் இது தெரியாது. தனிப் பொம்பளைக்கு என்று சொல்லித்தான் அவர் ரூம் விட்டிருந்தார்.

ஒருநாள் காலையில் அவள் வண்டியில் ஏறும்போதே சிரித்தாள்.

“அண்ணே, எங்க லைன்ல கொஞ்சம் பேரை கான்ட்ராக்ட்ல இருந்து கம்பெனி ரோல்ல நிரந்தரமா எடுக்காவளாம். எம்பேரும் இருக்காம்.”

“அடி சக்கை! அப்போ கம்பெனி பஸ்ல ஜம்முனு போவ. என் வண்டிய மறந்துடுவ.”

“பஸ்ஸு கெடக்கட்டும்ணே. ரோல்ல ஏறிட்டா, பிள்ளை வெச்சிருக்க பொம்பளையளுக்கு ஜெனரல் ஷிப்ட் தருவாவ. ராத்திரி வீட்ல இருப்பேன். எம்மகளைக் கூட்டியாந்துரலாம்.”

வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி ஸ்கூல் எது நல்லது என்று சொன்னாள், இன்னொருத்தி யூனிபார்ம் எங்கே மலிவு என்று சொன்னாள். குழந்தை இன்னும் ரயிலே ஏறவில்லை, அதற்குள் டியூஷன் வரைக்கும் போய்விட்டார்கள்.

கம்பெனி ஒரே ஒரு காகிதம்தான் அதிகமாகக் கேட்டது. இந்த முகவரியில் இருக்கிறாள், நடத்தை நல்லது என்று உள்ளூரில் மதிப்பான ஒருவர் எழுதித் தர வேண்டும். மாசக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். டாக்டர், தலைமை ஆசிரியர், வக்கீல் யாராக இருந்தாலும் சரி.

“அண்ணே, நீங்களும் கூட வாங்க. நீங்கன்னா அவுககிட்ட பதிலுக்குப் பேசுவிய” என்று என்னையும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “அட்டையைப் பார்த்தியாம்மா?”

“பாத்தேன் டாக்டரம்மா.”

நான் சும்மா இருப்பேனா? “மேடம், இந்தப் பொண்ணு ஒங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுதானே? மழை சீசன்ல ஜுரம்னு வந்து மூணு நாள் ஒங்ககிட்டதானே ஊசி போட்டுக்கினு போச்சு? ஒரு கையெழுத்து. பேனாவ எடுத்து வெச்சா முடிஞ்சுது. அதுக்குப் போயி…”

“எனக்கு அவ ஜுரத்தைத் தெரியும்பா. அவ வீட்டைத் தெரியாதே” என்றார் டாக்டரம்மா.

அவரே தொடர்ந்தார். “முன்னாடியெல்லாம் சும்மாதான் போட்டுக் குடுத்தேன். யாரு வந்தாலும், எங்க நீட்டினாலும். ஒரு பையன் முகவரிக்குப் போட்டேன். அந்த முகவரியில வீடே இல்ல, காலி மனை. அவன் எங்கேயோ கடன் வாங்கிட்டு ஓடிட்டான். போலீஸ் ஸ்டேஷன்ல நான் பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். இங்க பேஷன்ட் எல்லாம் வாசல்ல ஒக்காந்திருந்தாங்க. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. அதுல ஒண்ணு பாத்தியா, தானம் குடுக்கறவனும் பல்லைப் பாக்கறதில்ல. காசு வாங்கினா நான் பாத்தே ஆகணும். வீட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் போடுவேன். அதுக்குத்தான் இந்தக் காசு.”

டாக்டர் ஒருவர் ரூமுக்கு வந்து பார்ப்பார் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்ததில்லை. அவள் முகம் கொஞ்சம் மாறியது.

“வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நான் மட்டுந்தான் டாக்டரம்மா.”

நான் சுவரில் இருந்த சர்க்கரை வியாதிப் படத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

“எப்போ வந்தா இருப்பே?”

“நைட் வாரம் புதன்கிழமை வாங்க. பத்து மணிக்கு. பகல்ல ரூம்லதான் இருப்பேன்.”

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே யாரும் தேதி சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட “டே வாரம் ஞாயித்துக்கிழமை வரோம்” என்றுதான் சொல்வார்கள். டாக்டரம்மா பக்கத்தில் நின்ற சிஸ்டரைப் பார்த்து, “நைட் வாரம் புதன்கிழமை ஞாபகப்படுத்தும்மா” என்றார். சிஸ்டரும் தலையாட்டினார். அந்தச் சிஸ்டரின் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். அவருக்கு நைட் வாரம் எதுவோ அதுதான் சிஸ்டர் வீட்டுக் காலண்டர். அது இவள் கம்பெனிக்கு நேர் எதிர் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நாள் முழுக்க ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற எனக்கு!

சிஸ்டர் கணக்குப்படி நைட் வாரப் புதன்கிழமை காலையில் தென்காசிப் பெண்ணைக் கம்பெனி வாசலில் இறக்கினேன். அவளுக்குப் பகல் வாரம். பையன்கள் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தூங்கிவிட்டார்கள். பத்து மணி சுமாருக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறேன். வடக்குப்பட்டுத் திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர் உள்ளே போகிறது. ஹெல்மெட்டுக்குக் கீழே வெள்ளைக் கோட்டு பறக்கிறது.

டாக்டரம்மாதான். “ரெண்டு நிமிஷம்பா, கோச்சிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை அந்தத் தெருவுக்குள் திருப்பினேன். “இன்னாபா, எங்களைக் கடத்திகினு போறியா?” என்று ஒருவர் கேட்டார்.

போய்ப் பார்த்தால் மாடிப்படியில் வீட்டுக்காரம்மா, படி உச்சியில் டாக்டரம்மா. கதவு திறந்திருக்கிறது. வாசலில் கைலியும் பனியனுமாகத் தூக்கக் கலக்கத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான்.

“பொம்பளைக்குன்னு வுட்ட வூட்ல ரெண்டு ஆம்பளைங்க தூங்கிகினு கீறாங்க! நான் மானத்தோட இருக்கறவ டாக்டரம்மா!” வீட்டுக்காரம்மாவின் குரல் தெரு முனைவரைக்கும் போனது.

“அக்கா வேலைக்குப் போயிருக்காவ” என்றான் ஒரு பையன்.

“அக்காவா? எந்தூரு அக்கா?”

“எங்கூரு அக்காதான்” என்றான் அவன் பரிதாபமாக.

நான் படியேறி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பகல் வாரம், நைட் வாரம், கொக்கி, சாவி, பாதி வாடகை. “இவங்க இருக்கும்போது அந்தப் பொண்ணு இருக்காது, அந்தப் பொண்ணு இருக்கும்போது இவங்க இருக்க மாட்டாங்க. சாவி ஒண்ணுதான். அது என் கையத் தாண்டித்தான் வரணும், போவணும். நான் சாட்சி மேடம்.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நீயும்தானே அங்க நின்னே? நான் மட்டும்தான் இருக்கேன்னு அவ சொன்னப்போ?”

“ஆமாம் மேடம்.”

அவர் ஸ்கூட்டரை நோக்கி இறங்கினார். வீட்டுக்காரம்மா பின்னாலேயே, “மாசம் பொறந்தா காலி பண்ணச் சொல்லிடு!” என்று என்னிடம் கத்தினார். என் வண்டியிலிருந்து “யப்பா, எங்களுக்கு லேட்டாவுது” என்று ஒரு சத்தம். டாக்டரம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “நான் பாக்க வந்த ஆளைப் பாக்கலை. பாக்காத ஆளுக்கு எப்படிப்பா எழுதறது?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவளிடம் எப்படிச் சொல்வதென்று ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் நடுவே பத்து விதமாக ஒத்திகை பார்த்தேன். கடைசியில் அவள் ஏறி உட்கார்ந்ததுமே கொட்டிவிட்டேன். அன்றைக்கு அவள் மகளுக்குப் போன் பண்ணவில்லை. போன் அடித்தபோதும் எடுக்கவில்லை. மடியில் அது அடித்து ஓய்ந்தது.

“ரூமும் போச்சு, ரோலும் போச்சு” என்றாள்.

“ஒண்ணும் போவல. கிளினிக் இன்னும் தெறந்துதான் கீது.”

டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் இருமல், அதற்கு முன்னால் கால் சுளுக்கு. கூப்பிட்டதும் அவள் நேராக மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“டாக்டரம்மா, நான் பொய் சொல்லல. நான் இருக்கையில நான் மட்டுந்தான் இருப்பேன். நீங்க கேட்டதுக்கு அதான் என் வாயில வந்துச்சு. ஆனா பையம்மாரைச் சொல்லாம விட்டது வேணும்னுதான். சொன்னா என்ன நினைப்பியன்னு பயம். தனியா இருக்கவளுக்குப் பழிச்சொல்லு எங்க இருந்து வரும்னே தெரியாதுலா.”

டாக்டரம்மா சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர், “எங்க வூட்டுக்காரருக்கு இந்த வாரம் நைட்டு மேடம், அதான் நான்…” என்று இழுத்தார்.

“ஆக, தப்பு ஒன் வூட்டுக்காரர் மேல” என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். பிறகு இவளிடம், “நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குக் கெளம்புவே?” என்றார்.

மறுநாள் காலை. நான் வடக்குப்பட்டில் வண்டியை நிறுத்தும்போது டாக்டரம்மா மாடியிலிருந்து அவளோடு இறங்கி வருகிறார். முன்னாடியே வந்து ரூமைப் பார்த்தாகிவிட்டது. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு என் வண்டியில் ஏறினார். ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் டாக்டர் என்றதும் காலை இழுத்துக்கொண்டு இன்னும் நெருக்கினார்கள். கேன்டீன் அம்மாவும் அன்றைக்கு வண்டியில் இருந்தார். அட்டையைத் திட்டியவர் இப்போது தன் முட்டி வலியை டாக்டரம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார்.

“கிளினிக் வாங்கம்மா” என்றார் டாக்டரம்மா.

“அங்க வந்தா காசு கேப்பீங்களே!”

“இங்க சொன்னா மட்டும் விட்ருவேனா?”

கம்பெனி வாசல் வந்தது. அவள் சாவியைக் கொக்கியில் மாட்டினாள். டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி, கூட்டத்தோடு உள்ளே போனாள். நான் வண்டியைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்க வாசலிலிருந்து நைட் ஆட்கள் வெளியே வந்தார்கள். பையன்கள் இரண்டு பேரும் கண் சிவந்து வந்து ஏறினார்கள். டாக்டரம்மாவைப் பார்த்ததும் ஒருவன் இறங்கப் பார்த்தான்.

“ஒக்காருப்பா. சாவியை எடு.”

எடுத்தான்.

“உங்க அக்காவைப் பாத்துப் பேசி எத்தனை நாளாச்சு?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “பாக்கதே கிடையாதே டாக்டர். போன மாசம் சந்தையில ஒருக்கா பாத்தோம். தக்காளி வாங்கிட்டு இருந்தாவ.”

“பின்னே, ஒண்ணா இருக்கீங்கன்னு எப்படித்தான் தெரியும்?”

“ரசம் வெச்சிட்டுப் போவாவ” என்றான் தலையணைப் பையன். “நாங்க தண்ணி புடிச்சு வெப்போம். அக்காவுக்குப் பகல் வாரம்னா தண்ணி வரும்போது வேலையில இருப்பாவள்ளா. போர்வையை மடிச்சு வெக்கலன்னா மட்டும் மறுநாள் ரசத்துல உப்பு இருக்காது.”

டாக்டரம்மா குனிந்து கைப்பையில் எதையோ தேடுவதுபோல் இருந்தார். தோள் குலுங்கியது கண்ணாடியில் தெரிந்தது.

வடக்குப்பட்டில் வீட்டுக்காரம்மா கீழேயே நின்றுகொண்டிருந்தார், கையில் விளக்குமாற்றோடு. டாக்டரம்மா நேரே அவரிடம் போனார்.

“இந்தப் பசங்க எத்தனை மாசமா மாடியில தூங்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“நேத்துதானே எனக்கே தெரியும்!”

“தீபாவளிக்கு முன்னாடியே வந்துட்டாங்களாம். இத்தனை நாளா ஒரு சத்தம்?”

வீட்டுக்காரம்மா யோசித்தார். “சத்தம்லாம் ஒண்ணும் இல்ல.”

“குடி, சண்டை, சிகரெட்டு நாத்தம்?”

“அதெல்லாம் இருந்தா வுட்ருவனா நானு?”

“அப்போ உங்க தலைக்கு மேல ரெண்டு பசங்க இருந்தும் உங்களுக்கே தெரியலைன்னா, இதைவிட நல்ல நடத்தைக்கு நான் என்னத்தை எழுதறது?”

வீட்டுக்காரம்மா விளக்குமாற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “தண்ணிக்காசு யாரு குடுக்கறது? ஒரு ஆளுக்குத்தானே கணக்கு?” என்றார். கோபம் தண்ணீர்க் கணக்குக்கு இறங்கிவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்பது எனக்குத் தெரியும். பையன்கள் இரண்டு பேரும், “குடுக்கோம்மா, குடுக்கோம்மா” என்றார்கள்.

காகிதம் அன்று சாயங்காலம் கிளினிக்கில் தயாராக இருந்தது. கம்பெனி கொடுத்த அச்சடித்த வரிகளுக்குக் கீழே டாக்டரம்மா தன் கையால் எழுதியிருந்தார். அவரே படித்துக் காட்டினார். இந்தப் பெண் இந்த அறையில் வசிப்பதை நேரில் போய்ப் பார்த்தேன். இவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் இதே கம்பெனியின் ஊழியர் இருவர் அங்கே தங்குகிறார்கள். இவர்கள் ஒரே நேரத்தில் அந்த அறையில் இருப்பதில்லை. வீட்டு உரிமையாளரிடம் விசாரித்தேன், யார் மேலும் குறை இல்லை.

அவள் உதட்டைக் கடித்தாள். “பையம்மார் விஷயம் வேண்டாமே டாக்டரம்மா. கம்பெனியில ஒண்ணு கெடக்க ஒண்ணு நினைச்சிட்டா?”

“பாத்ததைத்தான் எழுத முடியும். வேண்டாம்னா சொல்லு, காசைத் திருப்பித் தரேன். வேற யார்கிட்டயாவது போடச் சொல்லிக்கோ. பாக்காமலே போடறவங்க நெறைய பேர் இருக்காங்க.”

அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ இருமினார்கள். எனக்கு வாய் துறுதுறுவென்றது. இந்த ஒரு தடவை பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போகப்போவது அவள் வேலை, வரப்போவது அவள் மகள். இதில் எனக்கு என்ன பேச்சு?

“இதே இருக்கட்டும்” என்றாள். “இன்னொருத்தர்ட்ட போயி, அதுக்கும் ஒரு பொய்யை ஞாபகம் வெச்சிக்கிட்டு என்னால திரிய முடியாது.”

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தார்.

அடுத்து வந்த நாட்கள் எனக்கே தாங்கவில்லை. தினமும் அவள் ஏறும்போது முகத்தைப் பார்ப்பேன். அவள் தலையை ஆட்டுவாள், இன்னும் இல்லை. வண்டியில் ஆளுக்கொரு ஆரூடம். “எழுதினது தப்பு, நல்லா இருக்கற வெரலுக்குத் துணி சுத்தின கதை” என்று ஒருவர். “உள்ளதைச் சொன்னவன் ஊருக்குப் பொல்லாதவன்” என்று இன்னொருவர். “ஏன்பா, கொஞ்சம் நல்ல பழமொழியா யாருக்கும் வராதா?” என்று நான் சத்தம் போட்டேன்.

கம்பெனி ஆபீசில் கூப்பிட்டனுப்பிய அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல மெதுவாக வந்து ஏறவில்லை. வாசலிலிருந்தே ஓடி வந்தாள்.

“அண்ணே, அந்த ஆபீசரு டாக்டரம்மா எழுதினதை ரெண்டு தடவை படிச்சாரு. என்னைய ஒரு பார்வை பாத்தாரு. பெறவு மேசையில கெடந்த ஒரு கட்டைத் தூக்கிக் காமிச்சாரு. ‘இதெல்லாம் பாரும்மா, எல்லாத்துலயும் ஒரே மூணு வரி. ஒரே கடையில டைப் அடிச்சது. ஒன்னோடதுலதான் யாரோ நெஜமா படியேறிப் போயிருக்காங்க’ன்னாரு. அடுத்த மாசத்துல இருந்து ரோல்ல ஏத்திட்டாவ!”

“ஜெனரல் ஷிப்டு?”

“அதையும் கேட்டேம்லா! தாரோம்னுட்டாவ!”

ரோட்டில் வைத்து நான் விசில் அடித்தேன். எதிரே வந்த கம்பெனி பஸ்காரன் எனக்கு ஹார்ன் அடித்தான்.

டாக்டரம்மாவின் அட்டை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இப்போதும் என் வண்டியில் அதைத் திட்டுகிறார்கள். நான் கொஞ்சம் கேட்டுவிட்டு, “ஓசியில குடுத்தா பினாயிலக் கூட குடிப்போம்பா நாம. காசு குடுத்தாதான் பாட்டில்ல இன்னா எழுதியிருக்குதுன்னு பாப்போம்” என்று சொல்லுவேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் ‘டாக்டர்கிட்ட கமிஷன் வாங்கறியா?’ என்பார்கள். இல்லாதவர்களுக்கு அந்தக் காசு பெரிய காசுதான். அதை நான் மறுக்கவில்லை. டாக்டரம்மாவிடமே ஒருநாள் சொன்னேன். “தெரியும். அதான் படியேறிப் போய்க்கிட்டிருக்கேன்” என்றார்.

பையன்களுக்கு வீட்டுக்காரம்மா மொட்டை மாடியில் இருந்த தகரக் கொட்டகையைச் சுத்தம் செய்து கொடுத்தார். தண்ணீர்க் காசோடு வாடகையும் பேசித்தான். அவள் இப்போது கம்பெனி பஸ்ஸில் போகிறாள். ஒரு ஆள் எனக்குக் குறைந்துபோனது என்று பார்த்தால், ஸ்கூல் திறந்ததும் ஒரு ஆள் கூடிவிட்டது. பெரிய பையும் தண்ணீர் பாட்டிலுமாக அவள் மகள் காலையில் என் வண்டியில்தான் ஸ்கூலுக்குப் போகிறாள். முன் பல் இரண்டும் இல்லை. அம்மாவைப்போல அளந்து பேசுகிற ஜாதி இல்லை, என் ஜாதி. ஏறினதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாது.

வந்த முதல் வாரம். வண்டி நிறைய ஆட்கள். அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு என் தோளைத் தட்டினாள்.

“மாமா, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா?”

“இன்னா கண்ணு?”

“எங்கம்மா ராத்திரி கொறட்டை விடுதா மாமா. இம்புட்டு நாளும் எனக்குத் தெரியவே தெரியாது!”